நாலரை சென்ட்: சொல்லி அனுப்பிய வார்த்தை

அத்தியாயம் 14

தம்பிதுரையின் ஆபீஸ் பத்தரை மணிக்குத்தான் திறக்கும். லோகப்பிரியா ஒன்பதே முக்காலுக்கே வந்து, படிக்கட்டுக்குக் கீழே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பஸ்ஸும் அவள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவள் நகரவில்லை. நேற்றுச் சாயங்காலம் வந்த அந்த போன் இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது.

பிரீத்திகா என்று பேர் சொன்ன ஒரு பெண். பக்கத்து வீட்டில் கேட்டு நம்பர் வாங்கியிருந்தாள்.

"ஏனுங்க்கா, உங்க ஊடு வித்துப்போச்சுன்னு ஏழு மாசத்துக்கு முன்னாலயே புரோக்கர் சொன்னாருங்களே. இன்னும் பூட்டியே கெடக்குது, போர்டும் அப்படியே தொங்குது. வித்துப்போச்சுங்களா, இல்லீங்களா?"

விற்கவில்லை.

அப்பா குமாரசாமி ஒரு மில்லில் வேலை பார்த்தபோது கட்டிய வீடு அது. நாலரை சென்டில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அம்மா ராசாத்தாள் போய் ஒன்றரை வருஷம். இப்போது வீடு அண்ணன் கிருபாசங்கருக்கும் அவளுக்கும் சரிபாதி. விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, அண்ணன் கூட்டிக்கொண்டு வந்த தம்பிதுரையிடம் சாவியைக் கொடுத்துப் பதினொரு மாதமாகிறது.

அந்தப் பதினொரு மாதத்தில் அவர் காட்டியது மூன்றே மூன்று பார்ட்டி. மூன்று பேர் கேட்ட விலைக்கும் அண்ணனே பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிட்டான். நாலாவதாக ஒருவர், அவரை இவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, வருகிற புதன்கிழமை அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருப்பதாகத் தம்பிதுரை சொல்லியிருந்தார். அந்த விலையை வெளியே சொல்லவே லோகப்பிரியாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தெருவில் வெறும் மனையே அதற்கு மேல் போகிறது.

"இதுக்கு மேல போவாதுங்க அம்மணி. பழைய ஊடு. பதினொரு மாசமா ஒருத்தனும் சீந்தலைங்களே" என்று அவர் சொன்னபோது அவளும் நம்பித்தான் இருந்தாள்.

யாரும் சீந்தவில்லையா, சீந்தியவர்களை இவர் விரட்டிவிட்டாரா?

கிருபாசங்கர் கிணத்துக்கடவிலிருந்து வந்து காரை நிறுத்தும்போது மணி பத்தரை ஆகப்போனது. சவரம் செய்யாத முகம். சட்டையில் தேங்காய் நார்த் தூசி.

"எதுக்கு லோகு இத்தன அவசரமா வரச் சொன்ன? போன்லயே கேட்டிருக்கலாமல்ல?"

"போன்ல கேட்டா அவரு சிரிச்சே மழுப்பிப் போடுவாருணா. உள்ள போவோம். சாவிய வாங்குவோம், பத்திர ஜெராக்ஸ வாங்குவோம், கெளம்பிருவோம்."

பத்திரம் என்றதும் அண்ணன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் அதைப் பார்த்தாள். என்ன என்று கேட்பதற்குள் மேலே ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

*

"வாங்க வாங்க! அம்மணியும் வந்துட்டாங்க. புதன்கிழம விசயமாத்தானுங்க? உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா, இளநி சொல்லட்டுங்களா?"

தம்பிதுரைக்கு ஐம்பது வயதிருக்கும். மொடமொடப்பான வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஈரம் காயாத சந்தனம், மேஜை மேல் இரண்டு போன். வெளியே போர்டில் புரோக்கர் என்று போட்டுக்கொள்ள மாட்டார். கன்சல்டன்ட்.

"ஒண்ணும் வேண்டாமுங்க. பிரீத்திகான்னு ஒருத்தங்க எங்க ஊட்டக் கேட்டு உங்ககிட்ட வந்தாங்களா?"

"தெனமும் முப்பது பேரு வாராங்க அம்மணி. பேரெல்லாம் எங்கீங்க நெனப்புல நிக்குது?"

"ஊடு வித்துப்போச்சுன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கீங்க. ஏழு மாசத்துக்கு முன்னால."

தம்பிதுரையின் சிரிப்பு போகவில்லை. கொஞ்சம் சின்னதாயிற்று, அவ்வளவுதான்.

"அதுங்களா? அது சும்மா பாத்துட்டுப் போற கூட்டத்துக்குச் சொல்றதுங்க. அவிகெல்லாம் வாங்கற ஆளே இல்லைங்க. மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்."

"லோன் கெடைக்கும்னு பேங்க்குல எழுதி வாங்கிட்டுத்தான் வந்தாங்களாம். அதையும் மூஞ்சியிலயே பாத்துட்டீங்களா?"

"அம்மணி, இருவது வருச அனுபவமுங்க எனக்கு."

அதுவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கிருபாசங்கர் வாயைத் திறந்தான். அவன் குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் இருந்தது.

"உங்கள எத்தன நம்புனேன் தம்பிதுரை. என்ற தங்கச்சி வேற ஆளப் பாக்கலாம்னு சொன்னப்பக்கூட, வேண்டாம், நம்மாளுன்னு நாந்தான் சொன்னேன். இத்தன நாளுல உருப்படியா ஒரு பார்ட்டி கூட்டிட்டு வல்லியே நீங்க."

அந்தப் பேச்சு தம்பிதுரைக்கு உறைத்துவிட்டது. தொழிலில் கெட்டிக்காரர் இல்லை என்று சொன்னால் பொறுக்காத ஆள் அவர். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"வல்லீன்னு சொல்லாதீங்க. வந்தாங்க. உங்களுக்கு ஆகாதுன்னு நாந்தான் தட்டி விட்டேன். ஏனுங்க, உங்க மேலூட்டு பாயே நாலு தடவ வந்தாரு."

"யாரு?" என்றாள் லோகப்பிரியா.

"அதாங்க, மோட்டார் வைண்டிங் கடை இல்யாஸ் பாய். இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தாரு. 'பதினாறு வருசம் இருந்துட்டேன், அவிக என்ன வெல சொல்றாங்களோ அதுக்கே நான் எடுத்துக்கறேன், பேங்க்குல கேட்டிருக்கேன், ஒரு வார்த்த சொல்லுங்க'ன்னாரு. நாலு தடவையும் அதே பேச்சு. ஓனருங்ககிட்ட நேராப் பேசாதீங்க, நானே பேசிக்கறேன்னு சொல்லி அனுப்பிச்சேன்."

லோகப்பிரியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"குடியிருக்கறவருக்குக் குடுத்தா ரேட்டு படியாதுங்க அம்மணி. அதுவுமில்லாம, உங்க தெருவுல நம்ம சனம்தான் பூராவும். நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்னுதான் நானே நாசூக்கா முடிச்சு விட்டேன்."

ஒரு நல்ல காரியம் செய்து முடித்தவரைப் போலச் சாய்ந்து உட்கார்ந்தார். லோகப்பிரியா அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஊட்ட யாருக்குக் குடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுனீங்களா?" என்றாள் அவள். "சாவியக் குடுங்க. இனி எங்க ஊட்டப் பத்தி நீங்க யாருகிட்டயும் பேச வேண்டாம்."

தம்பிதுரை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். தயங்கவேயில்லை. அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

"பத்திரம்?"

"அது ஐயாவுக்குத் தெரியுமுங்களே" என்றார் தம்பிதுரை, கிருபாசங்கர் பக்கம் கையைக் காட்டி. "ஒரிஜினலே வாங்கற பார்ட்டியோட வக்கீல்கிட்ட இருக்குதுங்க. புதன்கிழம அட்வான்ஸ் அன்னிக்குத்தான் கொண்டு வருவாங்க."

*

படிக்கட்டில் பாதி இறங்கியதும் லோகப்பிரியா நின்றுவிட்டாள்.

"ஒரிஜினலக் குடுத்தீங்களாணா? என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லாம?"

"சொன்னா நீ வேண்டாம்ப." கிருபாசங்கர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். "நீ வேண்டாம்னா பார்ட்டி போயிரும். லோகு, நார் மில்லு ரெண்டு மாசமா ஓடல. உன்ற அண்ணிக்குக்கூட முழுசாத் தெரியாது. பேங்க்குல இருந்து ஊட்டு வாசலுக்கே வந்துட்டாங்க. வெல எதுவா இருந்தாலும் சரி, புதன்கிழம முடிஞ்சாப் போதும்னு இருந்துட்டேன்."

கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு. இத்தனை நாளாக 'மில்லு ஜோரா ஓடுது' என்று சொல்லிக்கொண்டு வந்தவன். அம்மாவின் வருஷத் திதிக்குக்கூடப் புது வேட்டியும் சிரித்த முகமுமாக வந்து நின்றவன். இப்போது அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அதோடு, கத்துவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. தம்பிதுரையை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தது அண்ணன் மட்டுமா?

"அந்த வக்கீலு யாருன்னு கண்டுபுடிச்சு, பத்திரத்த வாங்கப் பாருங்கணா. நான் போயி இல்யாஸண்ணனப் பாத்துட்டு வாரேன்."

"இப்பப் போயி என்ன சொல்லுவ?"

"தெரியல."

"ஒருவேள, அவரு இன்னும் வாங்கறேன்னாருன்னா..." அண்ணனின் கண்ணில் ஒரு சின்ன ஆசை தெரிந்தது. "நாம சொன்ன வெலைக்கேன்னு வேற சொல்லியிருக்காரு."

"நான் அதுக்காகப் போகலணா."

சொல்லிவிட்டாள். அது முழுக்க உண்மைதானா என்று ஸ்கூட்டியைக் கிளப்பும்போது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

*

பத்து மாதத்துக்கு முன் நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்னும் மனசு கூசும்.

இல்யாஸும் சபூராவும் மேல்வீட்டுக்குக் குடி வந்தபோது லோகப்பிரியாவுக்குக் கல்யாணமான புதிது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் என்பதே நாளாவட்டத்தில் மறந்துபோயிற்று. அம்மா விழுந்து படுக்கையான எட்டு மாதமும் காலையில் கஞ்சியோடு கீழே இறங்கி வந்தது சபூராதான். அம்மாவுக்குத் தலை வாரி, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, அதன் பிறகுதான் மேலே போய்த் தன் வீட்டுச் சமையல். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு லோகப்பிரியா சாயங்காலம் வந்தால், "நீ உக்காரு லோகு, டீ குடி, அம்மா நல்லாச் சாப்புட்டாங்க" என்பாள்.

அந்தச் சபூராவிடம் போய் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று எப்படிச் சொல்வது?

"குடித்தனம் இருந்தா வெல படியாதுங்க. சித்த காலி பண்ணச் சொல்லிருங்க" என்று தம்பிதுரை சொன்னபோது அவள் இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் சொல்லிக்கறனுங்க."

"சரீங்க, நீங்களே சொல்லிருங்க. மூணு மாசம், நாலு மாசம்கூட டைம் எடுத்துக்கட்டும். மனசு நோகாமச் சொல்லுங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஒன்பதே நாளில் மேல்வீடு காலி. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சொல்லிக்கொண்டு போகவில்லை. இரண்டு தடவை போன் பண்ணினாள், சபூரா எடுக்கவில்லை. பதினாறு வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அதோடு விட்டுவிட்டாள்.

வைண்டிங் கடையில் இல்யாஸ் இல்லை. பக்கத்து லேத் பட்டறைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்.

"பாய் கெணத்துக்கடவு பக்கம் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் மாட்டப் போயிருக்காருங்க. ஊடு குனியமுத்தூர்ல. பள்ளிவாசல் தாண்டி ரெண்டாவது சந்து, பச்சக் கேட்டு. அங்கிருந்து தெனமும் இங்க வந்துட்டுப் போறாருங்க, பாவம். முன்னெல்லாம் ரெண்டு தெரு நடந்தாக் கடை."

*

பச்சைக் கேட்டைத் திறந்ததும் சபூரா வெளியே வந்தாள். கையில் ஈரத்துணி வாளி. லோகப்பிரியாவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

பதினாறு வருஷமாக 'வா லோகு'தான். அந்த ஒரு 'ங்க' அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கறோமுங்க. உள்ள வாங்க. அவரு வெளிய போயிருக்காரு."

சின்ன ஹால். பழைய வீட்டில் இருந்த அதே மர பீரோ இங்கே பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. சபூரா பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். எதிரே உட்காராமல் பீரோவை ஒட்டி நின்றாள்.

"உக்காருங்கக்கா."

"பரவால்லீங்க. என்ன விசயமா வந்தீங்க?"

லோகப்பிரியா தண்ணீரைக் குடித்து முடித்தாள். வரும் வழியில் உக்கடம் சிக்னலில் நின்று யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் இப்போது வரவில்லை.

"இல்யாஸண்ணன் ஊட்ட வாங்கிக்கறேன்னு புரோக்கர்கிட்ட நாலு தடவ கேட்டாராம். எனக்கு இன்னிக்குத்தாங்க்கா தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னாலதான். சத்தியமா அவரு எங்ககிட்டச் சொல்லவே இல்ல."

சபூரா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க நேரா என்றகிட்டயே கேட்டிருக்கலாமேக்கா. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே."

"நேராவா?" சபூரா முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த மொகத்த வெச்சுட்டு வாரது? நீங்க அப்படிச் சொல்லி அனுப்புனதுக்குப் பொறவு?"

"காலி பண்ணணும்னு மட்டுந்தாங்க்கா சொல்லச் சொன்னேன். நாலு மாசம் டைம் எடுத்துக்கட்டும்னு..."

"நாலு மாசமா?"

சபூராவின் கை பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒரு செவ்வாக்கெழம. பதினோரு மணி இருக்கும். அவரு கடைக்குப் போயிட்டாரு. அந்தாளு வந்து உக்காந்தாரு. 'லோகு அம்மணி சொல்லச் சொன்னாங்க. ராசாத்தாம்மா கம்மலக் காணோம். கடைசி வரைக்கும் அம்மாகூட இருந்தது நீங்க ஒருத்தருதான். போலீசுக்குப் போறேன்னாங்க, நாந்தான் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன். ஒரு வாரத்துல கம்முனு காலி பண்ணிட்டுப் போயிட்டா அதோட உட்டுருவாங்க'ன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."



கம்மல். சிவப்புக்கல் கம்மல்.

அம்மா போன பிறகு பீரோவை ஒழித்த அன்று அது இல்லை. ஹாலில் நின்று அண்ணனுக்கு போன் பண்ணி, "அம்மாவோட கம்மலக் காணோம்ணா, எங்க தேடியும் காணோம்" என்று சத்தமாகப் பேசினாள். அப்போது அந்த ஹாலில் இன்னொருவரும் இருந்தார். டேப்பை வைத்து வீட்டை அளந்துகொண்டிருந்தார். தம்பிதுரை.

"நான் அப்படிச் சொல்லி அனுப்பலைங்க்கா. ஆண்டவன் சத்தியமாச் சொல்லல. கம்மல் கெடச்சுப்போச்சு. ஸ்கேன் எடுக்கறப்பக் கழட்டி, பஞ்சுல சுத்தி, ஆஸ்பத்திரி ஃபைலுக்குள்ள வெச்சிருந்தாங்க. நீங்க போயி பத்துப் பதினஞ்சு நாளுல கெடச்சுப்போச்சு."

"கெடச்சிருச்சா?"

சபூரா மெல்ல வந்து தரையில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா, பெருமூச்சு விடுகிறாளா என்று தெரியவில்லை.

"அம்மாவுக்கு நான் ஒரு கொறையும் வெக்கல" என்றாள்.

"தெரியுங்க்கா."

"ஸ்கேனுக்குப் போயிட்டு வந்தப்பவே அம்மா காதுல கம்மல் இல்ல, நான் கூடப் போகல. ஆஸ்பத்திரிக்கு உங்கண்ணன்தான் கூட்டிட்டுப் போனாரு. அதக்கூட அந்தாளுகிட்டச் சொல்லத் தோணல. வாய் வரல எனக்கு."

"அக்கா..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க." சபூரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லி அனுப்பல. சரி, நம்பறேன். ஆனா உங்க மனசுல அப்படி ஒரு நெனப்பு வந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. சபூரா அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். சொன்னால் இருவருக்கும் இந்த நிமிஷம் லேசாகிவிடும்.

லோகப்பிரியாவுக்கு அந்தப் பதினைந்து நாளும் ஞாபகம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் போனார்களே என்ற ரோஷம். கம்மலும் இல்லை, இவர்களும் இல்லை என்று சமையல் பண்ணும்போது திடீரென்று வந்து போன ஒரு கணக்கு. சீச்சீ என்று தள்ளிவிட்டாள். மறுநாள் அது திரும்ப வந்தது. கம்மல் கிடைத்த அன்று ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. என்னவென்று சொல்வாள்?

"வந்துச்சுங்க்கா" என்றாள். "கொஞ்ச நாளு. அந்தக் கம்மல் கெடைக்கற வரைக்கும். நீங்க சொல்லாமப் போனதையும் அதையும் சேத்து வெச்சு... வந்துச்சு."

தலை குனிந்துவிட்டது அவளுக்கு.

சபூரா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. பாத்திரம் கழுவும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. லோகப்பிரியா எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள்.

திரும்பி வந்தபோது சபூராவின் கண் சிவந்திருந்தது. கையில் ஒரு டம்ளர் டீ. அதைச் சேருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இந்தத் தடவை எதிரே உட்கார்ந்தாள்.

"அவருக்கு இது எதுவும் தெரியாது."

"எது?"

"கம்மல் விசயம். நான் சொல்லல." சபூரா வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்க அம்மாவ அவரு ஆத்தான்னுதான் கூப்புடுவாரு. குமாரசாமி ஐயா போட்டோ இன்னும் கடையில மாட்டியிருக்காரு. உங்க ஊட்டுல இருந்து இப்படி ஒரு சொல்லு வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒடஞ்சுபோவாரு. அதனால முட்டி வலிக்குது, மாடி ஏற முடியல, ஊடு மாத்துனாத்தான் ஆச்சுன்னு நானே அடம் புடிச்சேன். பேங்க்குல லோன் வார நேரம் அது. எப்படியும் அந்த ஊட்ட வாங்கிப்போடலாம்னு கனாக் கண்டுட்டு இருந்தாரு. எம்மேல அத்தன கோவம். இருவத்தாறு வருசத்துல அவரு எங்கிட்ட ஒரு வாரம் பேசாம இருந்தது அப்பத்தான்."

லோகப்பிரியாவால் டீயைத் தொட முடியவில்லை.

"இப்பவும் அண்ணனுக்கு இஷ்டம்னா..." என்று ஆரம்பித்தவள், சபூராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம் லோகு." இப்போது 'ங்க' இல்லை. ஆனாலும் அதில் பழைய ஒட்டுதல் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. களைத்துப்போன குரல். "இதே சந்துல ஒரு ஊட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. குடுக்காம இருந்தாலும் நான் வரமாட்டேன். அந்தாளு அன்னிக்கு உக்காந்து பேசுன எடத்துல நான் எப்படிப் பாய விரிச்சுப் படுப்பேன்? நீ நெனச்சேன்னு உண்மையச் சொன்ன. நல்லதுதான். ஆனா கேட்டுட்டேனில்ல? அது இனி போவாது."

"மன்னிச்சுக்கங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலைங்க்கா."

"கேக்க வேண்டாம். அவருகிட்டச் சொல்லாம இருந்தாப் போதும். சொல்ல மாட்டேன்னு..."

வாசலில் பைக் வந்து நின்றது. சபூரா சட்டென்று எழுந்தாள். தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அட! நம்ம அம்மணி!"

இல்யாஸ் கை நிறைய இளநீர்க் குலையோடு உள்ளே வந்தார். சட்டை முழுக்கக் கிரீஸ். தாடி நன்றாக நரைத்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. குலையைக் கதவோரம் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஸ்கூட்டியப் பாத்ததுமே நெனச்சேன். எத்தன மாசமாச்சுங்க! அண்ணன் சௌக்கியமா? ஊட்டுக்காரரு மனோஜ்குமார் நல்லாருக்காரா? சபூரா, என்ன இது, வெறும் டீயக் குடுத்து உக்கார வெச்சிருக்க? கத்தியக் கொண்டா, எளநி வெட்டலாம். சாப்புட்டுட்டுத்தான் போவோணும் அம்மணி, இப்பவே சொல்லிப்போட்டேன்."

"இல்லீங்ணா, நான் கெளம்பணும்..."

"அதெல்லாம் ஆவாது." சுவரோரமாக இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "ஊடு என்னாச்சு? வித்தாச்சா? நானே கேட்டு உட்டிருந்தேன், புரோக்கர் சொன்னாரா? சரி, உடுங்க. நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்."

லோகப்பிரியா ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கறனுங்க." இல்யாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. "உங்க அக்கா முட்டி வலின்னு சொல்லித்தான் அங்கிருந்து கெளப்பிட்டு வந்தா. முட்டி வலி! இங்க தெனமும் ரெண்டு மாடி ஏறித் துணி காயப்போடறா. பத்து மாசமாக் கேட்டுப் பாத்துட்டேன், வாயே தொறக்க மாட்டேங்கறா. எங்கிட்டச் சொல்லாதத உங்ககிட்டச் சொல்லியிருப்பாளே. அந்த ஊட்டுல என்னதாங்க நடந்துச்சு?"

சமையலறை வாசலில் கத்தியோடு சபூரா நின்றுகொண்டிருந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் அவள் தலை மெல்ல, மிக மெல்ல, இடமும் வலமுமாக அசைந்தது.

இல்யாஸ் பதிலுக்காக லோகப்பிரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.